ஈரமா, உலர்ந்ததா

குமமோட்டோ
நவம்பர் 5, 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

இகுயோ எழுதுகிறேன். இங்கே குளிர் இன்னும் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மாட்சுயேயில் ஏரிக் காற்று இந்நேரம் உங்கள் முழங்காலைப் பிடித்திருக்கும். கம்பளிக் காலுறையை அலமாரியில் பத்திரப்படுத்தாமல் காலில் போட்டுக்கொள்ளுங்கள். சோயாவில் சுண்டவைத்து நீங்கள் அனுப்பிய ஏரிச் சிப்பியில் பாதியை விடுதிக்கார அம்மா ருசி பார்த்தே தீர்த்துவிட்டார்.

மருத்துவ வகுப்பில், உறுப்புகளை மூடியிருக்கும் எபிதீலியம் திசு தொடங்கிவிட்டது. தட்டைச் செல், கனசதுரச் செல், தூண் செல் என்று சிவப்பு, நீலப் பென்சில்களைச் சீவிச் சீவி விரல் தேய்கிறது. பக்கத்து மேசை நோசாகா குடலின் கோப்பைச் செல்லுக்குக் கைப்பிடி வைத்து வரைந்துவிட்டான். "இதுல டீ ஊத்திக் குடிக்கப் போறியா?" என்று கேட்டார் பேராசிரியர்.

நேற்று சுரப்பிகள். காதழுக்கான குறும்பியைச் சுரப்பது அக்குள் வியர்வைச் சுரப்பியின் பங்காளிதான் என்றார். பிறகு, யாருக்கு உலர்ந்த குறும்பி, யாருக்கு ஈரமானது என்று கை தூக்கச் சொன்னார். முக்கால்வாசிப் பேருக்கு மேல் உலர்ந்ததுதான். ஈரத்துக்கு நானும் சில பையன்களும். ஈரக் காதுக்காரர்களுக்கு அக்குள் வாடையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்றார். உடனே நோசாகா, "இகுயோ-சான், ஜன்னலத் திறந்து வெச்சுக்கட்டுமா?" என்றான். "திற திற, உன் சாக்ஸ் நாத்தமும் போகட்டும்" என்றேன்.

அது பரம்பரையாக எப்படி இறங்குகிறது என்று அடுத்து கரும்பலகையில் போடப் போகிறார். பெற்றோருடையதையும் சொல்ல வேண்டும். உங்களுடையது எது, அம்மாவுடையது எது? ஒரு வரி எழுதினால் போதும்.

அன்பு மகள்,
இகுயோ

---

மாட்சுயே
நவம்பர் 11

அன்பு மகள் இகுயோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலுறை காலில்தான் இருக்கிறது. தோட்டத்து மேப்பிள் சிவந்து முடிந்து, இப்போது என்னைப் பெருக்க வைக்கிறது.

கடிதத்தோடு நீ வைத்திருந்த செல் படத்தைப் பார்த்தேன். அடித்தளச் சவ்வை இவ்வளவு தடித்த கோடாகவா போடுவார்கள்? செல்லெல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஸ்லைடில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணில் படாததை வரையாதே. பட்டதை விட்டுவிடாதே. உயிரியல் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை மாணவர்களின் சாபத்தை வாங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

காது என்றதும் நம் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்துவிட்டன. குளித்துவிட்டு வந்து என் மடியில் தலைவைத்துப் படுப்பாய். மூங்கில் குச்சியின் நுனி பட்டதும் உன் கால் கட்டைவிரல் விறைக்கும். "அப்பா, என் காதுக்குள்ள என்ன இருக்கு?" "ஒரு தேன் கடை இருக்கு." "யாரு முதலாளி?" "நீதான். நான் கூட்டிப் பெருக்குற ஆளு." அம்மா அடுப்படியிலிருந்து, "கடைய மூடிட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்று குரல் கொடுப்பாள். அந்த வெயிலும் உன் ஈரத் தலையின் சோப்பு வாசமும் இந்த வீட்டில் எங்கோ இன்னும் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

---

குமமோட்டோ
நவம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

சவ்வைத் திருத்தினீர்கள், சரி. தேன் கடையைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், அதுவும் சரி. கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே? வயதாகிவிட்டதா, அல்லது மகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறீர்களா? நோசாகா அவன் தாத்தா காது வரைக்கும் விசாரித்துவிட்டு வந்துவிட்டான். கரும்பலகையில் என் பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருக்கிறது.

இகுயோ

---

மாட்சுயே
நவம்பர் 19

இகுயோவுக்கு,

என்னுடையது உலர்ந்தது. அம்மாவுடையது ஈரம். அப்படியே சொல்லிவிடு.

இங்கே முதல் பனி விழுந்தது.

அப்பா

---

குமமோட்டோ
நவம்பர் 25

அப்பாவுக்கு,

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நீங்கள் குளித்து வர வீட்டுக்குப் போன ஒரு மத்தியானம், "காது அரிக்குது, கொஞ்சம் பாரேன்" என்றாள். கையில் பலம் இல்லை அவளுக்கு. தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நான்தான் சுத்தம் செய்தேன். அரிசித் தவிடு போல உதிர்ந்தது. "எப்பவும் இப்படித்தான் பறக்கும், உங்க அப்பா சட்டையெல்லாம் கொட்டும்" என்று சிரித்தாள். இது உங்களுக்குத் தெரியாது.

நோயில் காய்ந்து போயிருக்குமோ என்று என் மனதைச் சமாதானம் செய்தேன். பேராசிரியரிடமும் கேட்டேன். "காய்ச்சல்ல மாறுற விஷயம் இல்லம்மா அது. பிறந்ததுலேர்ந்து சாகுற வரைக்கும் ஒண்ணுதான்" என்றார். பெற்றவர்கள் இருவருக்கும் உலர்ந்திருந்தால் பிள்ளைக்கும் உலர்ந்துதான் இருக்கும், ஈரம் வர வழியில்லை என்றும் சொன்னார். நோசாகா பக்கத்தில் இருந்தான். இந்த முறை கிண்டல் செய்யாமல் என் பென்சில்களைச் சீவிக் கொடுத்தான்.

கண்ணில் படாததை வரையாதே என்று சொன்னவர் நீங்கள். செத்துப்போன அம்மா வந்து மறுத்துப் பேச மாட்டாள் என்றுதானே அப்படி எழுதினீர்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. கோபமாகவும் இருக்கிறது.

நான் யார் பெண்?

இகுயோ

---

மாட்சுயே
டிசம்பர் 1

இகுயோவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

நீ எங்கள் வயிற்றில் பிறக்கவில்லை. உன் அம்மா தோமியேவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, ஒன்றும் அழவில்லை. அதன் பிறகு அவள் யாருடைய வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. ஒரு பிப்ரவரி மாதம் மருத்துவச்சி பின்வாசல் வழியாக வந்தாள், மேலங்கிக்குள் உன்னை வைத்துக்கொண்டு. "நூடுல்ஸ் கடையில வேல பாக்குற பொண்ணு. கல்யாணம் ஆகல. சத்தம் போடாத வீடா பார்த்துக் குடுங்கன்னு மட்டும் கேட்டா" என்றாள். தோமியேவுக்குப் பிறந்ததாகவே அவள் பதிவு செய்து கொடுத்தாள். அந்தக் காலத்தில் அப்படி நடக்கும். நம் வீட்டில் அதன் பிறகு யாரும் சத்தம் போட்டதில்லை. கவனித்திருக்கிறாயா?

உன் காதில் ஈரம் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் தெரியாது. உனக்கு எட்டு வயது இருக்கும்போது அதைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. நூலகத்தில் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் தோமியே. "பசி" என்றேன். நீ மருத்துவம் படிக்கப் போகிறேன் என்ற அன்று, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நுண்ணோக்கியில் கண் வைத்து நீ மூச்சை அடக்கிப் பார்ப்பாயே, அதைப் பார்த்த யாருக்கும் அந்த வார்த்தை வராது.

உன்னிடம் சொல்லவே கூடாது என்று தோமியே கடைசியில் கேட்டுக்கொண்டாள். அவளுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பொய் சொன்னேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. நீ போய்விடுவாய் என்ற பயம்தான் மிச்சப் பாதி.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். கேட்டால் எழுதுகிறேன். நீயாக எழுதும் வரை நான் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கென்சாகு

---

குமமோட்டோ
டிசம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்து நாள் உங்களைக் காக்கவைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான். முதல் இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. விடுதிக்கார அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, காதலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நேற்று கரும்பலகையில் என் இடத்தை நிரப்பினேன். தந்தை உலர்ந்தது, தாய் உலர்ந்தது, மகள் ஈரம். பேராசிரியர் பக்கத்தில் வந்து, "எங்கேயோ தப்பாப் பார்த்திருப்பீங்க, அழிச்சுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். பாவம், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "இல்ல சார், சரியாத்தான் பார்த்திருக்கோம். என்னை எடுத்து வளர்த்தாங்க" என்றேன். நோசாகா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான்.

புத்தாண்டுக்கு வருகிறேன். முதல் நாள் முழுக்கக் கோபமாகத்தான் இருப்பேன், சமாதானம் பேச வராதீர்கள். அந்தப் பெண்ணின் பெயரைக் கடிதத்தில் எழுத வேண்டாம். இரண்டாம் நாள் காலையில், அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று பேருமாக இருக்கும்போது சொல்லுங்கள். வாக்கை மீறுவதானால் அவளுக்கும் தெரிந்தே மீறுங்கள்.

இன்னொன்று. போன கடிதத்தில் கென்சாகு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.

உங்கள் மகள்,
இகுயோ