இடது முன்சீட்டுப் பாரம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், நம் பழைய காரும் சுகம் என்று இந்த வாரம்தான் சேர்த்து எழுத முடிகிறது. அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், உன் கார் அதற்குப் பிறகுதான். போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆசை ஆசையாய் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி அதற்குள் உறும ஆரம்பித்துவிட்டது, ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வீடு வீடாகப் போய் நோயாளிகளை நடக்கப் பழக்குகிற அந்த வேலையையும் விட்டுவிடப் போகிறேன் என்றாய். வண்டி இல்லாமல் அந்த வேலை இல்லை, தெரியும். அதற்காக நீ எத்தனை பரீட்சை எழுதினாய் என்பதும் தெரியும். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். இது உன் அம்மாவின் பெருமை பாடும் கடிதம், பொறுமையாகப் படி.

போன மாதம் நம் வண்டியும் இதே கூத்துதான் அடித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் தடக், வளைவில் திரும்பினால் இன்னொரு தடக். நான் என்ன செய்திருப்பேன், உனக்குத் தெரியுமே, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஓட்டிக்கொண்டிருந்த அம்மா அதை அணைத்தாள். நம் மெக்கானிக் மீசைக்காரரிடம் காட்டினோம். நல்ல மனிதர், ஆனால் தலைக்கு மேல் வேலை. எங்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு, முன்பக்க அடிப்பாகம் மொத்தத்தையும் மாற்றிவிட்டால் நிம்மதி என்றார். தொகையைக் கேட்டதும், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம், வண்டியை வித்துடலாம் என்றேன். உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவீங்களா, எலி எந்தப் பொந்துல இருக்குன்னு பாக்க வேண்டாமா என்றாள்.

தையல் கடையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். மிஷின் சத்தம் போட்டால் திருப்புளியைத் தொடமாட்டாள். முதலில் துணியை எடுப்பாள், பிறகு நூலை, பிறகு வெறும் மிஷினை மிதிப்பாள். எதை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அதே வைத்தியத்தைக் காருக்கும் ஆரம்பித்தாள். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, உன் பழைய பாட்மிண்டன் மட்டை, எல்லாம் டிக்கியிலிருந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அப்படியும் தடக். வண்டியில் மிச்சமிருந்த சாமான் நான்தான். என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டு அவள் மட்டும் ஒரு சுற்று போய் வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. சத்தமே இல்லையாம். ரொம்ப வருஷமா எனக்குச் சந்தேகம், இன்னிக்குத்தான் நிச்சயமாச்சு, சத்தம் வண்டில இல்ல, உங்ககிட்டதான் என்றாள். அது எதிர்வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது, இன்றுவரை என்னைக் கண்டால் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. பின்சீட்டில் வலது ஓரம், இடது ஓரம், பிறகு தன் பக்கத்தில் என்று என்னை மாற்றி மாற்றி உட்காரவைத்து, அதே வேகத்தடையில் அதே வேகத்தில் ஏற்றி இறக்கினாள். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. இடது முன்சீட்டில் நான் இருந்தால் மட்டும் தடக். ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவள், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்து ஓட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது. மீசைக்காரரிடம் போய், முன்னாடி இடது சக்கரம், பாரம் ஏறினா மட்டும், நேர் ரோட்டுல இல்ல என்றாள். அவர் அந்த ஒரு சக்கரத்துக்குள் கையை விட்டு ஆட்டிப் பார்த்தார். சின்னக் கம்பி ஒன்றின் ரப்பர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். முதலில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்படிச் சொல்லிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்மா என்று அவருக்கும் சந்தோஷம். கழற்றிய ரப்பரை அம்மா கேட்டு வாங்கி வந்து ஊசிப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நீயும் அப்படியே செய். உறுமல் எந்த வேகத்தில் வருகிறது, வளைவில் கூடுகிறதா, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் குறைகிறதா, கவனி. ஓட்டும்போது உறுமலைப் பதிந்து நீ போனில் அனுப்பினாயே, அதை மீசைக்காரரும் கேட்டார். இதை மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா கியர் பாக்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தோட பேரிங்கையும் சுத்திப் பாக்கச் சொல்லுங்க என்றார். பிரேக், ஸ்டீயரிங் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே, மற்றதில் எது இப்போதே, எது பொறுக்கும் என்று கேள், இன்னொரு ஒர்க்‌ஷாப்பிலும் காட்டு, கழற்றியதைக் கண்ணால் பார்.

இன்னொன்று. அந்தப் பதிவை அம்மா கடையில் மிஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டாள். என்ன கோளாறு என்று கேட்டேன். வண்டி கிடக்கட்டும், அதுக்குப் பின்னால கேளுங்க, அவ அழுதுக்கிட்டே ஓட்டியிருக்கா என்றாள். எனக்கு உறுமல்தான் கேட்டது. அவள் சொன்ன இடத்தில் மறுபடி காதை வைத்தேன், மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எங்கள் வாயாடி பதிவு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தன்னந்தனியாக ஊர் விட்டு ஊர் போய், தனியாக வண்டி வாங்கி, யார் யாரையோ படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைக்கிறாயே, உன்னை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் முடிவு, நாங்கள் உன் பக்கம்தான். கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் உதறிவிடாதே, அவ்வளவுதான் கேட்கிறோம்.

நோய் நொடி இல்லாமல், போகிற வழியெல்லாம் நல்ல வழியாக அமைய இருவரின் ஆசீர்வாதம். டயரில் காற்றைப் பார், வேளைக்குச் சாப்பிடு. அடுத்த முறை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து சீட்டில் யாரையாவது ஏற்றிக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல், நான் டிக்கெட் எடுத்து வந்து உட்காருகிறேன். வாயைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் இடது முன்சீட்டுப் பாரம்,
அப்பா