பூரிக்கு ஊற்றிய மருந்து

அடையாறு, சென்னை-20
2.11.1997

அன்புள்ள ஸ்ரீலக்ஷ்மிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், இப்போது கூட அடுப்படியில் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் உனக்கு எழுதி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் ஃபோன் வந்தால் அம்மா பேசுவாள், நான் பேப்பரை விரித்துக்கொண்டு, அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதா கேள் என்று அவளிடம் சொல்வேன், அவள் உன்னிடம் கேட்பாள், நீ அவளிடம் சொல்லும் பதில் எனக்கு வந்து சேரும். நதீமைக் கல்யாணம் செய்துகொண்ட செய்தியையும் நீ அப்படித்தான் அனுப்பினாய். கல்யாணம் ஒரு பக்கம் இருக்கட்டும், இருபத்துநாலு வருஷம் வளர்த்தவனிடம் நேரே ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அது நிற்க. இன்று காலை ஃபோனில் நீ பக்கத்து வீட்டு நாய் பூரியைப் பற்றிக் கேட்டாய். அதுக்கென்ன, கொழுகொழுன்னு இருக்கு என்று அம்மா சொன்னாள். பண்டிகை முடிந்த கையோடு உன்னை அழவைக்க வேண்டாம் என்று அப்படிச் சொல்லிவிட்டாள். பூரி இப்போது இல்லை, ஸ்ரீலக்ஷ்மி. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் செத்துப்போயிற்று. எப்படிச் செத்தது என்பதை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி என் கை.

நீ கிளம்பும்போது இருந்த பூரியை நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. கோமதி மாமி இருந்தவரை அதற்குத் தயிர் சாதமும் ஞாயிறானால் சீயக்காய்க் குளியலும் நடந்தன. மாமி போன வருஷம் மாசியில் தவறிப்போனது உனக்குத் தெரியும். அதன் பிறகு மாமியின் வீட்டுக்காரர் அனந்தராமன் அதைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டியதோடு சரி. ஒரு தட்டில் சோறு வைப்பார், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். இந்தக் கோடையில் காதோரம் மயிர் கொட்ட ஆரம்பித்தது, ஆடிக்குள் முதுகு முழுக்கச் சொறி பரவி, யானைத் தோல் மாதிரி தடித்து, வெடித்து, ஈ மொய்த்தது. நம் சமையலறை ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு வீச்சம். பகலெல்லாம் அது சொறிகிற சொறியில் சங்கிலி கல்லில் மோதி டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். அம்மா சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள், அந்த மனுஷன்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன் என்பாள். நான் எப்படிச் சொல்வேன்? எண்பத்தாறில் ஆபீஸில் எனக்கு மேலதிகாரியாக இருந்து, என் ரகசிய அறிக்கையில், சுயமாக முனைந்து செய்யும் குணம் போதாது என்று ஒரே ஒரு வரி எழுதி என் பதவி உயர்வைக் கெடுத்த மனிதர். பத்து மணிக்கு அந்த வரியை எழுதிவிட்டு, பதினோரு மணிக்கு என் டிபன் டப்பாவிலிருந்து சேப்பங்கிழங்கு எடுத்துச் சாப்பிட்டவர். பதினோரு வருஷமாக நாங்கள் பேசியதில்லை. மாமி போன அன்றுகூட நான் கேட் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அது சரி என்று உனக்கு நான் எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில், கையெழுத்து இல்லாமல் ஒரு கார்டு டைப் அடித்துத் தபாலில் போட்டேன். தங்கள் பராமரிப்பில் உள்ள பிராணியின் நிலை அக்கம்பக்கத்தாரின் கவனத்துக்கு வந்துள்ளது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் நாலு வரி. பத்து நாள் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி, அந்த ஆளுக்காக இல்லை, அந்த ஜீவனுக்காக என்று நானே இறங்கினேன். அவர் தினம் பதினோரு மணிக்குக் காந்தி நகர் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனால் பன்னிரண்டரைக்குத்தான் வருவார். இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற தாயம்மாவிடம் அவர்கள் வீட்டுப் பின்கதவுச் சாவி உண்டு. அவளை விட்டு அவிழ்த்துவரச் சொல்லி, ஒரு ஆட்டோவில் சாக்கு விரித்துப் பூரியை ஏற்றி, லாட்டிஸ் பிரிட்ஜ் ரோட்டில் டாக்டர் ஹபீபுர் ரஹ்மானிடம் கொண்டுபோனேன். யாருடைய நாய் என்று கேட்டார். என்னுடையது என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, படிச்சவர் மாதிரி இருக்கீங்க, வாயில்லா ஜீவனை இப்படியா வச்சிருப்பீங்க என்றார். அனந்தராமனுக்குச் சேர வேண்டிய திட்டை நான் வாங்கிக்கொண்டு நின்றேன். மருந்து கொடுத்தார். ஒரு வாளித் தண்ணீரில் மூன்று மூடி கலந்து உடம்பெல்லாம் ஊற்றித் துடைக்காமல் காயவிட வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான், இது விஷம் சார், கூடினால் நாய் தாங்காது என்று இரண்டு தடவை சொன்னார். சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

தாயம்மா வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். நான் செய்வது அனந்தராமனுக்குத் தெரிந்தால், வலிய வந்து உறவாடப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாரே என்று எனக்கு அவமானம். அதனால் அவளைச் சத்தியம் செய்யச் சொன்னேன். சாமி மேல் செய்கிறேன் என்றாள். வேண்டாம், சாமியை நீ சமாளித்துவிடுவாய், உன் பெண் மேல் செய் என்றேன். அவளுடைய பெண் அப்போது தலைச்சன் பிள்ளைக்கு ஏழு மாதக் கர்ப்பமாகப் பட்டினப்பாக்கத்தில் அவளோடு இருந்தாள். தாயம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை, அவர் மெஸ்ஸுக்குப் போன நேரத்தில் மருந்து ஊற்றினேன். முதல் தடவை உறுமிற்று, இரண்டாம் தடவை வாளியைப் பார்த்ததும் தானே எழுந்து நின்றது. கழுத்துக்குக் கீழே பூனை மயிர் மாதிரி மெல்லிசாக முளைக்க ஆரம்பித்தது. நான் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் பார்த்த வேலையில் எதைப் பார்த்தும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுயமாக முனையும் குணம் போதாதாம் எனக்கு, இதை வந்து பார்க்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. புதனன்று ஊற்ற வேண்டியதை ஊற்ற முடியவில்லை. வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. பதினோரு மணிக்குப் போனேன், பூரி நனைந்து கிடந்தது. மழையில் நனைந்தது என்று நினைத்தேன். மூக்கைக் கிட்டே கொண்டுபோயிருந்தால் தெரிந்திருக்கும். தாயம்மா வாளியைக் கொண்டுவந்து வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, சாரு, இன்னிக்கு வோணாம் சாரு, அது ஒரு மாதிரியா கீது, நாளைக்கு ஊத்திக்கலாம் என்றாள். ஏன் என்றேன். சொல்லத் தெரில சாரு, வோணாம் என்றாள். வேலைக்குச் சோம்பல் என்று நினைத்து, உனக்கு வைத்தியம் தெரியுமா, டாக்டருக்குத் தெரியுமா, வை கீழே என்று அதட்டினேன். வைத்தாள். மூன்று மூடி கலந்து ஊற்றினேன். பூரி எழுந்து நின்றுதான் ஊற்றிக்கொண்டது. சாயங்காலம் சங்கிலிச் சத்தம் கேட்கவில்லை. அரிப்பு நின்றுவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் சுவரோரமாக எட்டிப் பார்த்தால், பூரி கல்லில் தலையைச் சாய்த்துக் கிடக்கிறது, அனந்தராமன் ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டு அழுகிறார்.

தாயம்மா நம் வீட்டுப் பின்கட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். கார்டு வந்த மறு வாரம், நாங்கள் காஞ்சிபுரத்தில் உன் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்த அன்று, அனந்தராமனும் பூரியை எங்கோ காட்டி அதே மருந்தை வாங்கி வந்திருக்கிறார். ஞாயிறு விடியற்காலையில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மழையால் அவருக்கும் தள்ளிப்போய், அந்த வெள்ளிக்கிழமை வெயிலைப் பார்த்ததும் காலையிலேயே ஊற்றிவிட்டு மெஸ்ஸுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித்தான் செய்தேன் என்று ஆகிவிடக் கூடாது என்று தாயம்மாவிடம் அவரும் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீயும் சொல்லாதேன்ன, அவுரும் சொல்லாதேன்னாரு, ரெண்டு பேரும் எம் பொண்ணு வவுத்து மேல கைய வச்சிக்கினீங்கோ, நான் இன்னா சாரு பண்ணுவேன் என்று கேட்டாள். டாக்டர் சொன்ன பதினைந்து நாள் என்பது, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த நாய்க்கு அன்று ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். தானே மருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட்டோம் என்று நினைத்துத்தான் அவர் அழுதுகொண்டிருந்தார், அப்படியே நினைத்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு நிமிஷம், உன்னிடம் மறைப்பானேன், அரை மணி நேரம் எனக்குத் தோன்றியது. அந்த அறிக்கைக்கு இது சரியாகப் போயிற்று என்றுகூடத் தோன்றியது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவர் கேட்டைத் திறந்துகொண்டு போனேன். நானும் ஊற்றினேன் என்றேன். பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. நிமிர்ந்து பார்த்தார். எத்தனை மூடி என்று கேட்டார். மூணு என்றேன். நானும் மூணுதான் என்றார். கார்டு நீங்க போட்டதுன்னு அன்னிக்கே தெரியும், அப்படி டிராஃப்ட் எழுத நம்ம ஆபீஸ்லயே உங்க ஒருத்தருக்குத்தான் வரும் என்றார். கோமதி போன அன்னிக்கு நீங்க கேட் வரைக்கும் வந்ததை ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டுதான் இருந்தேன், கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடலை என்றார். பிறகு மாமரத்தடியில் அவர் கடப்பாரையால் குத்த, நான் மண்ணை அள்ளினேன். மாமியின் பழைய பருத்திப் புடவையில் சுற்றினோம். புதிதாக முளைத்த மயிர் பட்டுப் போல இருந்தது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் நீ கொஞ்சின பூரியாகியிருக்கும். அறிக்கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை, அது வேறு. தீபாவளியன்று வெடிச் சத்தம் ஆரம்பித்ததும் நம் வீட்டுக் குளியலறைக் கதவைப் பழைய வழக்கத்தில் திறந்து வைத்துவிட்டேன், பூரி வந்து ஒளிந்துகொள்ளும் என்று. பிறகு ஞாபகம் வந்து சாத்தினேன்.

தாயம்மாவின் பெண்ணுக்கு நேற்று வரை ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள், இந்த மாதக் கடைசியில் பிரசவம் என்கிறார்கள். சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் நான் சொன்னேன், அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீயும் அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொள்.

பூரிக்காக அதிகம் அழாதே. குளிரில் சாக்ஸ் போடாமல் வீட்டுக்குள் நடக்காதே, அம்மா அனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்தால் எழுது. கபாலீசுவரர் அருளால் நீயும் நதீமும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றுமில்லாமல், நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனை நான் எடுப்பேன். என்னிடம் சொல்ல வேண்டியதை இனிமேல் அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, எவ்வளவு கசப்பாக இருந்தாலும் என்னிடமே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கடரமணன்