ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

12 ஜூன் 2005, ஞாயிறு

ஆறாவது வாரம். கல்லூரி ஜீப் மற்ற நாட்களில் முதல்வருக்கு. ஞாயிறு மட்டும் எங்கள் ஏரி ஆராய்ச்சிக்கு. ஒரகடம் தாண்டி இறங்கும்போது மணி எட்டு. வாய்க்கால் சேரும் இடத்தில் நான்கு பாட்டில், ஏரி நடுவில் நான்கு. அளவெல்லாம் சரி. ஆனால் சேற்றில் அள்ளிய நத்தைகள் அத்தனையும் வெற்று ஓடு. தாமஸ் சாரிடம் காட்டினேன். வெயில் என்றார். என் வழிகாட்டி வெயில் என்றால் வெயில்தான்.

26 ஜூன்

மீன்கொத்தி இன்றும் வரவில்லை.

10 ஜூலை

ஆராதனை முடிந்ததும் ஆலயத்தில் ஊர்க்கூட்டம். கைபம்பு உப்பாகிவிட்டது. ஏரித் தண்ணீர் அரிக்கிறதென்று பெண்கள் இரண்டு மைல் நடந்து வயல் கிணற்றுக்குப் போகிறார்கள். பயத்தை எண்களால் போக்குவதுதானே நம் வேலை? பத்து வார அளவுகளையும் பச்சை மையில் எழுதி ஆலயச் சுவரில் ஒட்டினேன்: 'ஏரி நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம்.' கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராஜம்மா அக்கா மட்டும் விடவில்லை. மகள் ஜாய் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், ஏழு மாதம்.

"நெசமா குடிக்கலாமா மா? புள்ளத்தாச்சிப் பொண்ணு வூட்ல கீது."

தாராளமாக என்றேன்.

31 ஜூலை

படித்துறை நிறையக் குடங்கள். பெருமையாக இருந்தது. திரும்பும்போது கரையில் ஒரு நாரை செத்துக் கிடந்தது. ஜீப்புக்கு நேரமாகிவிட்டதால் குறிக்கவில்லை.

21 ஆகஸ்ட், ஞாயிறு

ஏரிக்கரைச் சாலையில் கம்பெனி பஸ்கள். ஞாயிறன்று நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த மாரிசெல்வத்தைக் கேட்டேன். தென்காசிப் பக்கத்துக்காரர், உலோக முலாம் பூசும் கம்பெனியில் வேலை.

"ஆர்டர் கெடக்குன்னு ஓ.டி. போட்டுட்டாவக்கா. ஞாயித்துக்கெழம லைன் ஓடவே ஓடாதுல்லா."

வாய்க்காலுக்கு ஓடினேன். வாராவாரம் காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் படித்துறைப் பக்கம்.

இத்தனை வாரமும் லீவு நாளில் வந்து லீவு நாள் தண்ணீரை அள்ளியிருக்கிறேன். மற்ற நாட்களில் வந்த கழிவு சேற்றில் படிந்திருக்கிறது — நத்தை அங்கேதானே வாழ்கிறது? எம்.எஸ்ஸி. படித்த முட்டாள் நான்.

24 ஆகஸ்ட், புதன்

லீவு போட்டு பஸ்ஸில் போய் எடுத்து வந்தேன். குரோமியம். எண்ணை எழுதக் கை வரவில்லை. காய்ச்சினால் போகிற விஷமா இது?

25 ஆகஸ்ட்

இரண்டு சாம்பிளை வைத்து ஊரைக் கலக்காதே, அறிக்கை போய்விட்டது, அக்டோபரில் மறுபடி பார்க்கலாம் என்கிறார் சார். ஜாய்க்குச் செப்டம்பரில் நாள் குறித்திருக்கிறார்கள்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

சாரைக் கேட்காமலேயே ஆலயத்தில் எழுந்து சொன்னேன். நான் சொன்னது தப்பு, அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று. யாரோ வெளியே கை காட்டினார்கள். இன்று கம்பெனி லீவு. ஏரி தெளிந்து கிடந்தது. போன மாதம் ஒன்று, இந்த மாதம் ஒன்றா என்று சிரித்தார்கள்.

ராஜம்மா அக்கா சிரிக்கவில்லை.

"நடுவாரத்துல மஞ்சளா வரும், கண்ணால பாத்தோம். பட்ச்ச பொண்ணு நீ, நல்லாகீதுன்னு எய்தி ஒட்டிகிற. அத்த நம்பித்தான் அவளுக்குக் குடுத்தேன்."

அவர்களாகவே பயந்து நிறுத்தியிருந்தார்கள். திரும்ப ஏரியில் இறக்கியது நான். அழுதேன். அந்த அழுகையில் சுவரில் இருந்த தாளை எடுக்கவும் மறந்துபோனேன்.

4 செப்டம்பர்

ஜீப் தரவில்லை.

11 செப்டம்பர், ஞாயிறு

பஸ்ஸில் போனேன். ராஜம்மா அக்கா வீடு பூட்டியிருந்தது. ஜாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம், நாலு நாளாகிறது. குழந்தை? என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள்.

தாளைக் கிழித்துவிடலாமென்று ஆலயத்துக்குப் போனேன். மழையில் நனையாமலிருக்க யாரோ அதன்மேல் பாலிதீன் போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.