சட்டை கழற்றிய நண்டு

14.10.1983, வெள்ளி

ஆக்டோபஸ் வளர்க்கத்தான் ஆசை. ஜவ்வாது மலையில் கடலுக்கு எங்கே போவது? ஓடையில் பிடித்த நண்டை ஊறுகாய் ஜாடியில் வளர்க்கிறேன். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு இனாம். அப்பாவின் இருமலுக்கு நாளை அதை ரசம் வைக்கப்போவதாக அம்மா சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் வெறும் ஓடு! கண்ணுக்குக்கூட ஓடு இருந்தது. கல்லுக்கடியில் நண்டு இட்லி மாதிரி மெத்தென்று உட்கார்ந்திருந்தது. ஒரு காலும் ஒடியாமல் எப்படி உருவிக்கொண்டது? நான் சட்டை கழற்றினாலே பொத்தான் போகிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "தோலு உரிச்சிருக்குடா. இப்ப ரசத்துக்கு ஆவாது. கெட்டியாவ எத்தினி நாளாவும்?"

"ஒரு வருசம்மா. சயின்ஸ் சாரு சொன்னாரு."

சாரிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.