லிஃப்ட் சட்டத்தின் நான்காவது பிரிவு

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? இருபது வருடம் நர்ஸாக ஓடியவளுக்குச் சட்டமன்றத்தில் உட்காரத்தான் இன்னும் வரவில்லை. கடைசி வரிசை. பேச மூன்று நிமிடம் தருகிறார்கள். அதில் ஒன்று ‘மாண்புமிகு’ சொல்லியே தீர்ந்துவிடுகிறது.

இப்போது தனிநபர் மசோதா ஒன்று எழுதுகிறேன்; அரசு இல்லாமல் உறுப்பினரே கொண்டுவரும் சட்ட வரைவு. என் தொகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கம்பிவடம் அறுந்து லிஃப்ட் விழுந்து, உள்ளே இருந்த தபால்காரம்மாவுக்கு இரண்டு காலும் முறிந்தன. நான்கு நாள் முன்புதான் சோதித்ததாகச் சான்றிதழ் இருக்கிறது. முப்பது வருட லிஃப்ட் மெக்கானிக் நீ. நான்கு நாளில் ஒரு கம்பிவடம் எப்படித் தேய்ந்து அறும்? எனக்கு விளங்கவே இல்லை.

உன் பாப்பா

ஜனவரி 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். சபையில் ‘ஆம்’ அதிகமா ‘இல்லை’ அதிகமா என்று காதால் கேட்டே முடிவு செய்வார்களாமே, உண்மையா? காது மந்தமானவர் சபாநாயகரானால் என்ன செய்வீர்கள் என்று உன் அண்ணி கேட்கிறாள்.

நாலு நாளில் வடம் தேயாது. அறுந்தாலும் கூண்டைக் கவ்விப் பிடிக்க ஒரு பூட்டு உண்டு; அதுவும் துருப்பிடித்திருக்க வேண்டும். அங்கே யாரும் சோதிக்கவே இல்லை. கூண்டின் தலைமேல் ஏறி ஒழுங்காகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஆகும். எங்கள் கம்பெனி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு லிஃப்ட் சோதிக்கக் கொடுக்கிறது. நீயே வகுத்துப் பார்.

அந்த லிஃப்டுக்கு நான் போனதில்லை. ஆனால் நானும் கீழே நின்றபடியே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு அல்ல. ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் எழுதி லிஃப்டுக்குள்ளேயே ஒட்ட வேண்டும் என்று சட்டத்தில் போடு. எல்லோர் கண்ணிலும் படும் என்றால் பொய் எழுதக் கை கூசும்.

அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொன்னதையே நான்காவது பிரிவாக எழுதினேன். நேற்று மசோதாவை ஆராயும் குழுவின் கூட்டத்துக்கு லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். தங்கள் ஆட்கள் ஏறிப் பார்க்காமல் கையெழுத்தே போடுவதில்லை, அந்தப் பிரிவை எடுத்துவிடலாம் என்றார்கள். குழுத் தலைவர் என் பக்கம் திரும்பி, “பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்னு யாராவது நேர்ல வந்து சொல்வாங்களாம்மா?” என்று கேட்டார். நான் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். உன் கடிதம் அதில்தான் இருந்தது.

சொன்னால் உன் லைசென்ஸ் போகும். வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலையில் தபால்காரம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததில், அதை எழுத மனசு வரவில்லை. குழு இருபதாம் தேதி மறுபடி கூடுகிறது.

பாப்பா

ஏப்ரல் 28

அண்ணா,

பிப்ரவரி இருபதாம் தேதி நீ பதில் போடாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு நேராகக் குழு அறையிலேயே வந்து நின்றாய். உன்னை நான் ‘சாட்சி அவர்களே’ என்று கூப்பிட வேண்டியிருந்தது. லைசென்ஸ் போகுமே, தெரியுமா என்று தலைவர் கேட்டபோது, “தெரியும்யா. நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்ல என் பொண்டாட்டிய ஏற விடமாட்டேன். அதையும் எழுதிக்கோங்க” என்றாய்.

இன்று சட்டம் நிறைவேறியது, என் பேரில் அல்ல. என்னுடையதை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டு, அரசு தன் பேரில் கொண்டுவந்தது. நான்காவது பிரிவில் ஒரு சொல்லும் மாறவில்லை. பாதி இருக்கைகள் காலி. ஒரே நிமிடத்தில் முடிந்தது.

உன் லைசென்ஸை இரண்டு வருடத்துக்கு நிறுத்தியதைப் பேப்பரில்தான் பார்த்தேன். அண்ணி போனை எடுப்பதில்லை. நீயும் எழுதுவதில்லை.

பாப்பா

செப்டம்பர் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

எனக்கும் உன் மேல் கோபம்தான். வேலையில்லாமல் வீட்டில் கிடப்பவனுக்கு யார் மேலாவது கோபம் வேண்டியிருக்கிறது.

நேற்று பல் டாக்டரைப் பார்க்க ஒரு கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏறிய நேரம் 9.10. இறங்கிய நேரம் 11.25. கீழே யாரோ ஒரு மெக்கானிக்கின் கையெழுத்து, பக்கத்தில் கிரீஸ் விரல் ரேகை. பார்த்துக்கொண்டே நின்றதில் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குப் போய்த் திரும்பிக் கீழேயே வந்துவிட்டது. உள்ளே வந்த பெண், “எந்த மாடி சார்?” என்றாள். எனக்கு மறந்தே போயிற்று. “நீங்க போற மாடிக்கே போங்கம்மா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அண்ணி கதவைத் திறக்கக் கொஞ்ச நேரமாகும். திரும்பிப் போய்விடாதே.

அண்ணன்