மேசை மேல் பிரிக்காத மாத்திரை

தை 9, வியாழன்

புகைப்பதை டாக்டரிடம் ஏன் மறைத்தேன்?

ஞாயிறன்று மதுராந்தகத்தில் குலதெய்வத்துக்குப் பொங்கல். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கலாம் என்று நாத்தனார் கௌரி செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். எனக்குச் சாமி, தீட்டு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. அவளுக்காகப் போனேன்.

"சிகரெட் பழக்கம் உண்டாம்மா?" என்றார் டாக்டர்.

கௌரி சிரித்தாள். "இன்னா டாக்டர், எங்க அண்ணிய பாத்தா அப்டியா கீது?"

"கேட்டுத்தான் ஆவணும். சிகரெட்டோட இந்த மாத்திரையும் சேந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிக்கலாம். அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

இல்லை என்று தலையாட்டினேன். எதற்கும் ஆதாரம் கேட்பவள் நான். அவரோ என் தலையாட்டலை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்றிரவே தொடங்க வேண்டும். மாத்திரை மேசை மேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

வெள்ளி

காலையில் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. மாத்திரை வேண்டாம், சிகரெட்டையும் விடுங்கள் என்றார்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதாம் என்று மட்டும் கௌரியிடம் சொன்னேன்.

"தெரியும் அண்ணி. மாடில துணி எடுக்கறவளுக்கு சிகரெட் வாசன வராதா? அந்தாளு முன்னாடி உன் மானம் போவக்கூடாதுன்னுதான் சிரிச்சேன். நாளு வந்துட்டா நீ கார்ல குந்திக்கினு இரு. பொங்கல நான் வெக்கறேன்."

மாலையில் மாடிக்குப் போனேன். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.