கைக்குக் கை கொடுத்த கத்தி

மில்லில் இரவு வேலை முடிந்து ராயப்பன் வீடு திரும்பும்போது, அவன் மனைவி சகாயம்மாள் ஜவ்வரிசிப் பட்டறையில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருப்பாள். அதனால் காலண்டர் தாளில் எழுதி வைத்தாள்:

“ஏனுங்க, சோத்துல மோர் ஊத்தி வெச்சிருக்கறேன். நீங்க வாங்கியாந்த சீமைக்கத்தியில நேத்து சீவுனேன். தோல் ஈரச்சேலையாட்டம் நழுவுது. சீவுன கெழங்கு வெள்ளை வெளேர்னு, கூடையெல்லாம் நெலா வெளிச்சம். கனாவுல சீவறாப்பல இருந்துச்சுங்க. சந்தைக்கத்தின்னா கல்லுல தீட்டித் தீட்டியே பொழுது போயிரும்.

கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு தெரியாதுங்களா? ஆசையில எங்கையிலயே குடுத்துட்டீங்க. அதான் வெலையக் கேட்டதும் எரிஞ்சு உழுந்துட்டேன்.”

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

“இன்னைக்குச் சந்தைக்கத்தியோடவே போறேன். சீமைக்கத்தி அம்மிமேல இருக்குது. பொழுதோட நான் வந்ததும், கீழ வெச்சுக் குடுங்க. நானே எடுத்துக்கறேன்.”